ஒரே மருந்து, வேறு வேறு விளைவு

மகப்பேற்றுச் சிகிச்சை பெறும் இரு பெண்கள். வயது ஒன்று, மருந்தின் அளவும் ஒன்று. ஒருத்திக்குப் பத்துச் சினைமுட்டைகள் முதிர்கின்றன, மற்றவளுக்கு மூன்றே. ‘என்னிடம் என்ன குறை?’ என்று இரண்டாமவள் உள்ளம் வெதும்புகிறாள்.

நேயர்களே, இதில் அவளது தவறு யாதொன்றும் இல்லை. ஊசியின்வழிச் செல்லும் எப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனே சினைப்பையை ஊக்குவது. அதனை வரவேற்க அங்குள்ள உயிரணுக்களில் ஒரு புரதம் உண்டு. நூலோர் அதனை ‘ஏற்பி’ என்பர். மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கோ ‘வாயில்’ என்றழைக்கவே விருப்பம். அப்புரதத்தின் 680ஆம் இடத்தில் அஸ்பராஜின், செரின் என்னும் இரு அமினோ அமிலங்களுள் ஒன்று அமைகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் செரின் வகையையே பெற்றவருக்கு வாயில் சற்று மெல்லத் திறக்கிறது; மருந்தும் மிகுதியாக வேண்டப்படுகிறது. ஜெர்மானிய ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபு இது. பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இதனோடு ஒத்துப்போகவில்லை. ஆதலின், வயது, இரத்தத்தில் ஏ.எம்.எச். அளவு, ஸ்கேனில் காணும் நுண்பைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையே மருத்துவர் பெரிதும் நோக்குகின்றனர்.

உத்தியோக மாற்றலால் ஊர்விட்டு ஊர் செல்வோர், முதற்சிகிச்சையின் குறிப்புகளைக் கையோடு கொண்டு செல்க. எத்துணை மருந்துக்கு எத்தனை முட்டை என்னும் அவ்வொரு வரி, புதிய மருத்துவர் அளவை வகுக்கப் பெரிதும் உதவும்.