பனிச்சரிவில் ஓர் இந்திய வீரர்

தமிழில் ‘பனி’ என்னும் சொல் ஒன்றுதான், பொருளோ பல. கெலமங்கலத்துக்காரர்களான எங்களுக்கு அது மார்கழி, தை மாதங்களில் ரோஜாத் தோட்டங்களின் மீதும் களத்தில் கிடக்கும் ராகித் தாள்களின் மீதும் படிந்து, எட்டு மணி வெயிலில் மறைந்துவிடும் ஈரம். ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிருக்கு இங்கே குறைவில்லை. பக்கத்துத் தளியைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்றே அழைப்பர். ஆயினும் கையால் அள்ளி உருட்டக்கூடிய பனியை நம்மில் எத்தனை பேர் கண்டிருப்போம்? திரைப்படப் பாடல் காட்சிகளில் பார்த்ததோடு சரி!

அத்தகைய பனியின் மீது ஓடுவதையே வாழ்வாகக் கொண்ட இந்தியர் ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். 2022 பிப்ரவரி 4 அன்று பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் மூவண்ணக் கொடியை ஏந்திச் சென்றவர் ஆரிஃப் கான். அவ்வாண்டு இந்தியாவிலிருந்து போட்டியிட்டவர் அவர் ஒருவரே. அந்த விழாவைத் தூர்தர்ஷன் நேரடியாக ஒளிபரப்பவில்லை. எல்லைப் பூசலை ஒட்டி எழுந்த மனக்கசப்பே காரணம். ஆகவே கொடி ஏந்தியவரின் முகத்தை நம்மவர்களில் பெரும்பாலோர் பார்க்கவேயில்லை. நானும் நாளிதழ்ப் படத்தில்தான் பார்த்தேன்.

முதலில் இவ்விளையாட்டைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். எங்கள் ஊர்ச் சிறுவர்கள் தென்னை மட்டையில் அமர்ந்து ஏரிக்கரைச் சரிவில் சறுக்கி விளையாடுவார்கள். அது நேராக இறங்குவது. மலைச்சரிவுப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் அப்படி இறங்க முடியாது. சரிவு நெடுகக் கழிகளை நட்டு ‘வாயில்கள்’ அமைத்திருப்பார்கள். ஒன்றைக்கூட விடாமல் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஒரு வாயில் தவறினாலும் ஆட்டம் முடிந்தது. வாயில்கள் மிக நெருங்கி இருந்தால் அது ஸ்லாலம். சற்று விலகியிருந்தால் ஜெயண்ட் ஸ்லாலம். சூப்பர் ஜி, டவுன்ஹில் என்னும் மற்ற இரண்டும் வேகத்துக்கே உரியவை. டவுன்ஹில்லில் வீரர்கள் மணிக்கு 130 கிலோமீட்டரையும் தாண்டிப் பாய்வதுண்டு. நம் ஊர்ப் பேருந்து ஓசூர் போய்ச் சேரும் வேகத்தை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்!

காலில் கட்டும் சறுக்குப் பலகையின் சூட்சுமம் அதன் ஓரத்தில் இருக்கிறது. பலகை இரு முனைகளிலும் அகன்று நடுவில் ஒடுங்கியிருக்கும். இரு ஓரங்களிலும் எஃகுப் பட்டை பதித்திருப்பார்கள். வீரர் உடலைச் சாய்த்துப் பலகையை ஓரத்தில் நிறுத்தினால், அது வில்லாக வளைந்து பனியைக் கீறிக்கொண்டே திரும்பும். அவ்வாறு கீறிச் சென்றால் வேகம் குறையாது. பலகை பக்கவாட்டில் வழுக்கினாலோ, அது பிரேக் பிடித்ததற்குச் சமம். இந்த எஃகு ஓரத்தை அரத்தால் குறிப்பிட்ட கோணத்தில் தீட்டி வைக்க வேண்டும். எங்கள் தெருவில் பல வீடுகளில் யாராவது ஒருவர் ஓசூர் சிப்காட் ஆலைகளில் வேலை செய்கிறார். லேத்தில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பொருள் கழிவுக்குப் போய்விடும் என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்பந்தயத்திலும் காலத்தை அளப்பது நொடியின் நூறில் ஒரு பங்கால்தான்.

இனி நம் வீரருக்கு வருவோம். காஷ்மீரில் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது குல்மார்க். ‘பூக்களின் புல்வெளி’ என்பது அப்பெயரின் பொருள். அங்கே ஆரிஃபின் தந்தை யாசின் கான் சறுக்குக் கருவிகள் விற்கும் கடை நடத்தினார். நான்கு வயதில் மகனைப் பனியில் நிறுத்தினார். பத்து வயதில் தேசியப் போட்டி, பன்னிரண்டில் ஸ்லாலத்தில் தங்கம், பதினாறில் ஜப்பானில் முதல் அனைத்துலகப் போட்டி. 2011இல் நம் நாட்டில் நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளில் இரண்டு தங்கம்.

இவ்விடத்தில் ஜெர்மன் வீராங்கனை ரோசி மிட்டர்மயர் எனக்கு நினைவுக்கு வருகிறார். பவேரியாவின் விங்கில்மோஸ் மலைமேட்டில் அவருடைய தந்தையும் சறுக்குப் பள்ளி நடத்தியவர். அவரும் வீட்டு வாசலிலேயே பனியைக் கண்டவர். மூன்று ஒலிம்பிக்குகளில் ஓடினார். முதல் இரண்டில் பதக்கம் இல்லை. 1976இல் இன்ஸ்புருக்கில் டவுன்ஹில், ஸ்லாலம் இரண்டிலும் தங்கம் வென்றார். ஜெயண்ட் ஸ்லாலத்தில் நொடியின் எட்டில் ஒரு பங்கு அளவில் பின்தங்கி வெள்ளி பெற்றார். அதற்கு முன் அவர் உலகக் கோப்பை டவுன்ஹில் ஒன்றில்கூட வென்றதில்லை என்பது வியப்பு. அதே ஆண்டில் ஓய்வு பெற்றார். 2023 ஜனவரியில் மறைந்தார். அவருடைய மகன் ஃபெலிக்ஸ் நாய்ரோய்டரும் உலகக் கோப்பைப் பந்தயங்கள் 13இல் வென்றவர்.

இரு குழந்தைகளும் தொடங்கிய இடம் ஏறக்குறைய ஒன்றே. அதன்பின் வழி பிரிந்தது எங்கே? தோல்வியுற்ற இரு ஒலிம்பிக்குகளுக்குப் பிறகும் ரோசிக்கு அடுத்த பந்தயம் பக்கத்து மலையில் காத்திருந்தது. ஆரிஃபுக்கோ அது ஒரு விமானப் பயணத்துக்கு அப்பால் இருந்தது.

இது வெறும் தூரக் கணக்கன்று. புள்ளிக் கணக்கும் ஆகும். அனைத்துலகப் பனிச்சறுக்குச் சங்கம் ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளி இடுகிறது. இங்கே புள்ளி குறையக் குறையத்தான் பெருமை. முழுத் திறனுக்குச் சுழியம். முதலில் வந்தவரைவிட எவ்வளவு பின்தங்கினீர்கள், அப்பந்தயத்தில் ஓடியவர்கள் எத்தகையோர் என்னும் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஆகவே உள்ளூரில் எளியவர்களோடு ஓடி நூறு முறை வென்றாலும் புள்ளி அவ்வளவாக இறங்காது. வலியவர்கள் ஓடும் இடத்தைத் தேடிப் போக வேண்டும். போவதற்குப் பணம் வேண்டும். 2018 ஒலிம்பிக்குக்கு அவர் செய்த முயற்சி பணமின்மையால்தான் தடைப்பட்டது. திறமை போதாமல் ஒருவர் நின்றுபோவது விளையாட்டின் இயல்பு; பயணச்சீட்டு இல்லாமல் நின்றுபோவதை என்னால் அப்படி ஏற்க முடியவில்லை.

மூன்றாண்டுகள் கழித்து வாய்ப்பு வந்தது. 2021 நவம்பரில் துபாயில் ஸ்லாலத்துக்குத் தகுதி பெற்றார். ஆம், பாலைவன நகரில்தான்! அங்கே கூரைக்குக் கீழே செயற்கைப் பனிச்சரிவு அமைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் மான்டெனெக்ரோவில் ஜெயண்ட் ஸ்லாலத்துக்கும் தகுதி பெற்றார். ஒரே ஒலிம்பிக்கில் இரு பிரிவுகளுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியச் சறுக்கு வீரர் என்று அவரைப் பாராட்டினர். அதன்பின் மைய அரசு 17.46 லட்சம் ரூபாய் ஒதுக்கி, ஆஸ்திரியாவில் 35 நாள் பயிற்சிக்கு வழி செய்தது. நான்கு வயதில் தொடங்கியவருக்கு முப்பத்தொன்றில் கிடைத்த 35 நாள்!

2022 பிப்ரவரி 13. அதுவரை முழுவதும் செயற்கைப் பனியிலேயே நடந்துவந்த யான்சிங் மலைப் போட்டிகளில் அன்று உண்மைப் பனி கொட்டித் தீர்த்தது. எதிரே இருக்கும் வாயில்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. தரவரிசையில் பின்தங்கியவர்கள் பின்னால்தான் இறங்க வேண்டும். முன்னே சென்றவர்கள் பறித்த பள்ளங்கள் அவர்களுக்கு மிச்சம். கிரானைட் லாரிகள் போன தடத்தில் மழைக்காலத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது புரியும். பலர் விழுந்தனர், பலர் வாயில் தவறினர். ஆரிஃப் இரு ஓட்டங்களையும் முடித்தார். மொத்தம் 2 நிமிடம் 47.24 நொடி, 45ஆம் இடம். தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மட்டைவிட ஏறத்தாழ 38 நொடி அதிகம். மூன்று நாள் கழித்து நடந்த ஸ்லாலத்தில் முதல் ஓட்டத்தையே அவரால் முடிக்க இயலவில்லை.

38 நொடி என்பது பெரிய இடைவெளிதான். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அதில் துணிவின் பங்கு சிறிது, பனியில் கழித்த நாள்களின் பங்கே பெரிது என்பது என் கருத்து.

அவருக்கு முன்னும் சிலர் சென்றிருக்கிறார்கள். 1964இல் இன்ஸ்புருக்கில் இந்தியாவுக்காக முதன்முதலில் இறங்கியவர் ஜெரமி புஜகோவ்ஸ்கி. 1988இல் கால்கரியில் ஷைலஜா குமார் ஸ்லாலத்தில் 28ஆம் இடம் பெற்றார். குளிர்கால ஒலிம்பிக் கண்ட முதல் இந்தியப் பெண் அவரே. மணாலியின் ஆஞ்சல் தாக்குர் 2018 ஜனவரியில் துருக்கியில் நடந்த அனைத்துலக ஸ்லாலம் போட்டியில் வெண்கலம் வென்றார்.

தெற்கிலிருந்து யாருமே இல்லையா என்று கேட்பீர்கள். நமக்கு அண்டை மாநிலமான கர்நாடகத்தில், காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த குடகில் பிறந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா இருக்கிறார். அவருடையது மலைச்சரிவு அன்று, பனிவெளியில் நெடுந்தொலைவு சறுக்கிச் செல்லும் பிரிவு. பனியே விழாத மாவட்டத்திலிருந்து புறப்பட்டு, 2023இல் ஸ்லோவேனியாவின் பிளானிட்சாவில் நடந்த உலகப் போட்டியில் ஓடியிருக்கிறார்.