பொழுது யாருடையது? – 1936 புதுச்சேரி ஆலைப் போராட்டத்தை முன்வைத்து

மில் சங்கு ஊதிய காலத்தில் புதுச்சேரியில் பல வீடுகளுக்குக் கடிகாரமே தேவைப்படவில்லை. "சங்கு ஊதியாச்சு, இன்னும் உலை வைக்கலியா?" என்கிற கேள்வி முதலியார்பேட்டைப் பக்கம் சர்வசாதாரணம். உலை வைப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவதும் குழாயடிக்குக் குடம் தூக்குவதும் ஆலைக்குள் யாரோ ஒருவர் இழுத்த கம்பியின் கணக்கில்தான் நடந்தன. இப்போது சங்கு இல்லை. ரோடியர் மில் என்று ஊர் சொன்ன ஏ.எஃப்.டி., 2011 டிசம்பர் 30இல் அடித்த தானே புயலுக்குப் பிறகு நிமிரவேயில்லை. 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களின் கதையும் அதே ஆண்டில் முடிந்தது. ஆலை போயிற்று, சங்கும் போயிற்று. அந்தச் சங்கைச் சுற்றி நடந்த சண்டையும் முடிந்துவிட்டதா என்பதுதான் இங்கே என் கேள்வி.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும் என்று படித்தோம். நெய்தலுக்கு எற்பாடு, முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம் என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். பொழுது என்பது காதலுக்குப் பின்னால் தொங்கவிடப்பட்ட திரைச்சீலை என்கிற அளவோடு பாடம் முடிந்துவிட்டது. முதற்பொருள் இரண்டில் நிலத்தைப் பற்றி நம் அரசியல் நிறையப் பேசியிருக்கிறது. நிலம் யாருக்கு என்று கேட்கத் தெரிந்த நமக்கு, பொழுது யாருக்கு என்று கேட்கும் பழக்கம் இல்லை. அதைக் கேட்டவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். இந்த ஊரில் அப்படிக் கேட்டதற்காக 1936 ஜூலை 30 அன்று 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சிந்தியாவின் தலைநகரான இந்தச் சிறிய ஊரில் மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே தொடங்கப்பட்ட சவானா, அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் வந்த கெப்ளே, ரோடியர். பின்னாளில் சவானா சுதேசி ஆனது, கெப்ளே பாரதி ஆனது. இந்த ஊர் நெய்து நீலச்சாயம் ஏற்றிய 'கினே' துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று; செனகல் பகுதியில் பிசின் வாங்குவதற்கு அது பணம் போலவே புழங்கியது. ஒரு காலனியின் உழைப்பு இன்னொரு காலனியில் நாணயமாக மாறியது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அந்த நாணயத்தை நெய்தவர்களுக்குச் சங்கம் வைக்கும் உரிமை கிடையாது, வேலை நேரத்துக்கு உருப்படியான வரம்பும் கிடையாது.

1934இல் வ. சுப்பையா 'சுதந்திரம்' பத்திரிகையைத் தொடங்கினார். 1935இல் சவானாவில் வேலைநிறுத்தம். 1936 ஜூலையில் தொழிலாளர்கள் ஆலைக்கு வெளியே நின்று கோஷம் போடுவதை விட்டுவிட்டு, உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து இயந்திரத்தை நிறுத்தி வைப்பது என்பது சாதாரண விஷயமில்லை. அதுவரை தன்னை ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தைத் தொழிலாளி தன் கையில் எடுத்துக்கொள்கிற காரியம் அது. நிர்வாகமும் அரசும் அதை அப்படியேதான் புரிந்துகொண்டன. ஜூலை 30 அன்று சவானாவில் துப்பாக்கி பேசியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது பாரிசில் ஆட்சியில் இருந்தது வலதுசாரி அரசு அல்ல. சோஷலிஸ்டான லெயோன் ப்ளும் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு. 1936 மே, ஜூன் மாதங்களில் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கான ஆலைகளுக்குள் உட்கார்ந்து போராடினார்கள்; அவர்களை யாரும் சுடவில்லை. மத்தின்யோன் ஒப்பந்தம் வந்தது, சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு வந்தது, ஜூன் 21 அன்று வாரத்துக்கு 40 மணி நேரம் என்கிற சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வந்து 40 நாள்கூட ஆகாத நிலையில், அதே குடியரசின் கொடி பறந்த இன்னொரு கடற்கரையில், அதே மாதிரி உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது குண்டு.

புதுச்சேரிக்கு 1870களிலிருந்தே பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் பிரதிநிதியை அனுப்பும் உரிமை இருந்தது. அப்படி ஓட்டு இருந்த ஊரில் சங்கம் இல்லை. இத்தனைக்கும் எல்லைக்கு அப்பால், முடியாட்சியின் கீழிருந்த சென்னையில், 1918இலேயே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிவிட்டது. 1926இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தொழிற்சங்கச் சட்டமும் வந்துவிட்டது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று அரசாங்கக் கட்டடங்களில் எழுதிவைத்த குடியரசு, ஓட்டுப்பெட்டி வரைக்கும்தான் அந்த மூன்று சொற்களையும் அனுமதித்தது. ஆலை வாசலில் அவை நின்றுவிட்டன.

1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் சட்டம் பிறந்தது. எட்டு மணி நேர வேலைநாளும் சங்கம் வைக்கும் உரிமையும் கிடைத்தன. அந்த நேரத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம். அங்கே வாரம் 48 ஆனது 1946 திருத்தத்தில்தான். அதற்கான பேச்சைத் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து 1942இல் முன்னெடுத்தவர் அம்பேத்கர். 'ஆசியாவிலேயே முதன்முதலில் எட்டு மணி நேர வேலை' என்று ஒவ்வொரு ஜூலை 30க்கும் இங்கே மேடையில் சொல்வது வழக்கம். அந்த 'முதல்' மேல் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. முதலிடம் பற்றிய பெருமிதம் வந்தவுடன், அது பிரெஞ்சு நாகரிகம் நமக்குக் கொடுத்த கொடை என்கிற கதையாடலும் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர்களின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு விற்கப்படுவதும் இந்தக் கதைதான். சட்டம் பாரிசிலிருந்து வந்தது என்பது உண்மை. சவானாவில் பிணம் விழுந்த பிறகு வந்தது என்பது அதைவிடப் பெரிய உண்மை.

சரி, நேரத்துக்காக ஏன் சுட வேண்டும்? கூலியை நாலணா கூட்டிக் கேட்டால் பேரம் பேசுகிற முதலாளி, நேரத்தைக் குறைக்கச் சொன்னால் ஏன் போலீசைக் கூப்பிடுகிறான்? மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைநாள் பற்றி எழுதிய நீண்ட அத்தியாயம் இந்தக் கேள்விக்கான பதில்தான். எளிய கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். தறியில் நிற்கிற ஒருவர் முதல் நான்கு மணி நேரத்தில் தன் ஒருநாள் கூலிக்கு ஈடான மதிப்பை உண்டாக்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலைநாள் 12 மணி நேரம் என்றால் மீதி எட்டு மணி நேரமும் உபரி, முதலாளிக்கு. அதையே எட்டு மணி நேரமாக்கினால் உபரி நான்கு மணி நேரம். வேலைநாள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. உபரி குறைந்ததோ சரிபாதி. தொழிலாளிக்கு இது கூடுதல் தூக்கம், பிள்ளையின் முகம், ஒரு கூட்டத்துக்குப் போய்வர அவகாசம். முதலாளிக்கு இது பாதி லாபம். துப்பாக்கி எங்கிருந்து வருகிறது என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

கணக்கு இதோடு முடிவதில்லை. நாளை நீட்ட முடியாதபோது வேகத்தைக் கூட்டுவார்கள். ஒருவர் இரண்டு தறி பார்த்த இடத்தில் நான்கு பார்க்கச் சொல்வார்கள். கழிப்பறைக்குப் போய்வரும் நிமிடத்தை எண்ணுவார்கள். ஃபூக்கோ கண்காணிப்பு பற்றியும் உடலை ஒழுங்குக்குக் கொண்டுவருவது பற்றியும் எழுதியதை நம்மில் சிலர் மார்க்சுக்கு மாற்றாக வாசிக்கிறோம். ஆலையில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே நாளின் இரண்டு பாதிகள். நேரத்துக்கு வரம்பு வந்த பிறகுதான் நிமிடத்தின் மீதான கண்காணிப்பு கெடுபிடியாகிறது. அதனால் எட்டு மணி நேரம் என்பது வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கிற பொருள் அல்ல. வாசலில் ஆள் நின்றால்தான் அது இருக்கும்.

சீனாவை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் பெயரால் ஆளுகிற கட்சி. 1995இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்குச் சராசரியாக 44 மணி நேரம் என்று சொல்கிறது. ஆனால் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை வாரத்தில் ஆறு நாள் வேலை என்பது அங்கே '996' என்று பெயரே பெற்றுவிட்டது. கூட்டினால் 72 மணி நேரம். இது சட்டவிரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2021இல் சொல்ல வேண்டியிருந்தது. 2010இல் ஷென்ஜென் ஃபாக்ஸ்கான் ஆலையில் பத்துக்கும் மேற்பட்ட இளம் தொழிலாளர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கட்டடங்களிலிருந்து குதித்து இறந்தார்கள். நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. சட்டம் இருக்கிறது, நேரம் மட்டும் ஏன் தொழிலாளியிடம் இல்லை? அரசு அங்கீகரித்த ஒரே சம்மேளனத்துக்கு வெளியே சங்கம் வைக்க முடியாது. வேலைநிறுத்த உரிமை 1982இல் அரசியல் சட்டத்திலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. 1936இல் பாரிஸ் சோஷலிஸ்டுகளிடம் நாம் கண்டதும் இதையொட்டியதுதான். ஆட்சியில் இருப்பவர்கள் ஏந்தும் கொடியின் நிறத்தை நம்பி ஆலைக்குள் தலையைக் கொடுக்க முடியாது.

அது எங்கேயோ நடக்கிற கதை என்று ஆறுதல்பட வழியில்லை. ஷென்ஜெனில் வலை கட்டிய அதே நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் வேலை பார்த்த பெண்கள், 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களது முதன்மையான கோரிக்கை என்ன? தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான். சவானா நடந்து 88 ஆண்டு கழித்தும் அதே கோரிக்கை!

நேரமும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க அது வழிதிறந்தது. வாரத்துக்கு அதே 48 மணி நேரம்தானே, நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு, இதில் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்டார்கள். கெட்டுப்போவது இதுதான்: 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளுக்கு ஒன்பது மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டைக் கூலி. வரம்பை 12க்கு நகர்த்தினால் பத்தாவது, பதினோராவது, பன்னிரண்டாவது மணி நேரங்கள் ஒற்றைக் கூலியில் கிடைத்துவிடும். மூன்று ஷிப்டு இரண்டாகும். மூன்றில் ஒரு பங்கு ஆள் மிச்சம். பன்னிரண்டாவது மணி நேரத்தில் விரல் இயந்திரத்துக்குள் போவதை வாரக் கணக்கு காட்டாது. உடம்பு வாரக் கணக்கில் களைப்பதில்லை. சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்த பிறகு திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய சென்னையில், நூறு ஆண்டு கழித்து அதே நாளில் இந்த அறிவிப்பு வந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடுவண் அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. எட்டு மணி நேரம் என்கிற சொல் அவற்றிலும் இருக்கிறது. கூடவே, எந்த நிறுவனத்திலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாது என்பதும், பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே என்பதும் இருக்கின்றன. சொல்லை வைத்துக்கொண்டு, அதைக் காப்பாற்றுகிற ஆயுதத்தைப் பிடுங்குகிற வேலை இது.

எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் தொடங்குகிறது. கவர்னர் வீட்டுக்கு யார் வந்தார்கள், யாருக்கு எத்தனை பீரங்கி வேட்டு மரியாதை போட்டார்கள் என்றெல்லாம் அதில் விரிவாக உண்டு. சரியாக இருநூறு ஆண்டு கழித்து அதே ஊரில் மரியாதைக்கல்லாமல் வெடித்த துப்பாக்கிகளுக்கு முன்னால் நின்ற 12 பேரிடமிருந்து நமக்கு ஒரு வரி நாட்குறிப்பும் இல்லை. நாள் முழுக்கத் தறியில் நின்றவனுக்கு எழுத நேரம் ஏது? எழுத்து என்பதே வேலைநாளுக்கு வெளியே மிஞ்சிய நேரத்தின் விளைச்சல். அந்த நேரம் யாருக்கு மிஞ்சியது என்பதைப் பொறுத்தே யாருடைய வரலாறு எழுதப்பட்டது என்பதும் அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்துக்கு வந்து உட்காருகிற நாம், அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒருவகையில் ஆலை வாசலில் சண்டை போட்டு வாங்கியது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஜூலை 30 வந்தால் ஊர்வலம் வரும், மாலை போடுவார்கள், 'ஆசியாவிலேயே முதல்' என்பார்கள். போகலாம், நானும் போவேன். ஆனால் அன்று மாலை வீடு திரும்புகிற வழியில் செக்யூரிட்டி வேலைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற பெரியவரிடம், சேதராப்பட்டு கம்பெனி வண்டிக்காகக் காத்திருக்கிற பெண்ணிடம், "எத்தனை மணி நேரம் வேலைங்க?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் சொல்கிற எண்ணுக்கும் எட்டுக்கும் இடையில் இருக்கிற மணி நேரங்கள்தான் நாம் இன்னும் எழுதாமலும் கேட்காமலும் விட்டுவைத்திருப்பவை.