'ஆய்வுக்கு மட்டும்' என்ற மனித நொதி மருந்தாகாதது ஏன்? – ஒரு விளக்கம்

பாலக்காடு: அரிய வகை மரபணு நோயால் பாதிக்கப்பட்ட குழந்தைக்குத் தேவையான நொதியின் பெயரை இணையத்தில் தேடினால், இரு வகையான குப்பிகள் கண்ணில் படும். ஒன்று உரிமம் பெற்ற மருந்து. மற்றொன்று 'ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்' என அச்சிடப்பட்ட ஆய்வகப் புரதம். பெயர் ஒன்றே என்றாலும், இரண்டாவது குப்பியை உடலில் செலுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

தமிழக எல்லையை ஒட்டிய கஞ்சிக்கோட்டில் இயங்கும் பாலக்காடு ஐ.ஐ.டி.யில் உயிரியல் அறிவியல் மற்றும் பொறியியல் துறை உள்ளது. பாலக்காட்டில் ரூ.3,806 கோடியில் தொழில் நகரம் அமைக்க 2024 ஆகஸ்ட் 28-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அங்கு முன்னுரிமை பெறும் துறைகளில் மருந்து உற்பத்தியும் ஒன்று. ஆய்வகமும் மருந்து ஆலையும் அருகருகே வளரவுள்ள சூழலில், இவ்வேறுபாட்டை அறிவது அவசியமாகிறது.

மறுசேர்க்கை நொதி என்பது என்ன?

உடலில் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களே நொதிகள். ஒரு நொதிக்கான மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவிலோ, பாலூட்டிகளின் செல்களிலோ செலுத்தினால், அவை அந்த நொதியை உற்பத்தி செய்யும். பின்னர் அது பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தப்படுகிறது. இதுவே மறுசேர்க்கை நொதி எனப்படுகிறது.

இதன் பயனை விளக்க கௌச்சர் நோய் சிறந்த எடுத்துக்காட்டு. குளுக்கோசெரிப்ரோசைடேஸ் என்ற நொதி குறைவதால் செல்களில் கொழுப்புப் பொருள் தேங்கி, மண்ணீரலும் கல்லீரலும் வீங்குவதுடன் எலும்புகளும் பலவீனமடையும். இந்நோய்க்கு 1991-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட முதல் நொதி மருந்து, ஆயிரக்கணக்கான நஞ்சுக்கொடிகளைச் சேகரித்தே தயாரிக்கப்பட்டது. அதற்கு மாற்றாக, சீன வெள்ளெலியின் கருப்பைச் செல்களில் உருவாக்கப்பட்ட 'இமிகுளுசெரேஸ்' 1994-இல் அனுமதி பெற்றது.

ஆய்வகத்தில் என்ன வேலை?

புதிய மருந்து மூலக்கூறு நொதியின் செயல்பாட்டைத் தடுக்கிறதா என்பதைச் சோதிக்கவும், ரத்தப் பரிசோதனைகளில் ஒப்பீட்டு அளவாகப் பயன்படுத்தவும் ஆய்வகங்களுக்கு மனித நொதிகள் தேவை. கரோனா காலத்தில், வைரஸ் மனித செல்லில் பற்றிக்கொள்ளும் ஏ.சி.இ.-2 நொதியை இவ்வாறு தயாரித்தே, எதிர்ப்பொருள்கள் அப்பிணைப்பைத் தடுக்கின்றனவா என விஞ்ஞானிகள் சோதித்தனர்.

எங்கே வேறுபடுகிறது?

முதலாவது, தூய்மை. ஈ.கோலையின் செல் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள், சோதனைக்குழாயில் பல நேரங்களில் சிக்கலை ஏற்படுத்தாது. ஆனால், அது ரத்தத்தில் கலந்தால் கடும் காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் ஏற்படலாம். மருந்துகளில் அதன் அளவுக்குக் கடுமையான வரம்பு உண்டு.

இரண்டாவது, சர்க்கரைச் சங்கிலிகள். பல மனித நொதிகளின் மீது சர்க்கரை மூலக்கூறுகள் இணைந்திருக்கும். கௌச்சர் மருந்தில் இச்சங்கிலிகளின் முனையில் மேனோஸ் சர்க்கரை வெளிப்படுமாறு மாற்றம் செய்யப்படுகிறது. பாதிக்கப்பட்ட செல்கள் அதை அடையாளம் கண்டே நொதியை உள்ளிழுக்கின்றன. சாதாரண ஈ.கோலையால் மனித செல்களைப் போல இச்சங்கிலிகளை இணைக்க முடியாது.

மூன்றாவது, அளவு. ஆய்வகக் குப்பிகளில் பெரும்பாலும் சில மைக்ரோகிராம் நொதியே இருக்கும். இமிகுளுசெரேஸ் மருந்தோ இரு வாரங்களுக்கு ஒருமுறை, உடல் எடையில் கிலோவுக்கு 60 அலகு வரை செலுத்தப்படுகிறது. அதன்படி 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒருமுறைக்கு 1,200 அலகுகள் வரை தேவைப்படலாம். சிகிச்சையும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும்.

பெற்றோர் எங்கு அணுகலாம்?

தேசிய அரிய நோய்கள் கொள்கை 2021-இன் கீழ், அங்கீகரிக்கப்பட்ட உயர் சிறப்பு மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு ரூ.50 லட்சம் வரை நிதியுதவி கிடைக்கிறது. திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை அத்தகைய மையங்களில் ஒன்று. கேரள அரசும் அரிய நோய்களுக்கென 'கேர்' திட்டத்தை 2024 பிப்ரவரியில் தொடங்கியது.

வாழ்நாள் சிகிச்சைக்கு இந்த உச்சவரம்பு போதாது என்பதே குடும்பங்களின் கவலை. எனினும், மலிவாகத் தோன்றும் ஆய்வகக் குப்பி அதற்கு மாற்றாகாது. அதன் மீதுள்ள எச்சரிக்கை, அந்தப் புரதம் மனித உடலுக்காகத் தயாரிக்கப்படவோ பரிசோதிக்கப்படவோ இல்லை என்பதையே குறிக்கிறது.