பாட்டி சொன்ன பெயர்... பத்திரத்தில் இருந்த பெயர்!

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் ஹென்னிங் என்று ஒரு சின்ன ஊர். 1920-களின் பிற்பகுதியில், கோடை மாலைகளில் சிந்தியா பாட்டி வீட்டு முன்வாசலில் வயதான பெண்கள் கூடி உட்கார்ந்து பழங்கதை பேசுவார்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றினாலும் கடைசியில் ஒருவரிடம் வந்து நிற்கும். 'அந்த ஆப்பிரிக்கர்' என்றுதான் அவரைச் சொல்வார்கள்.

அவர் பெயர் 'கின்டே'. மேளம் செய்ய மரம் வெட்டப் போன இடத்தில் பிடிபட்டவர். கப்பலில் 'நேப்ளிஸ்' என்ற ஊருக்குக் கொண்டுவரப்பட்டவர். விலைக்கு வாங்கிய வாலர் குடும்பம் 'டோபி' என்று பெயர் வைக்க, சக அடிமைகள் அப்படிக் கூப்பிட்டால்கூட ஏற்க மறுத்தவர். கித்தாரைக் காட்டி 'கோ' என்றும், ஆற்றைக் காட்டி 'காம்பி போலோங்கோ' என்றும் மகள் கிஸ்ஸிக்குச் சொல்லிக் கொடுத்தவர்.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பேரன்தான் அலெக்ஸ் ஹேலி. அவர் 1976-ல் எழுதிய 'ரூட்ஸ்' உலகையே உலுக்கியது. தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் வந்து இங்கும் பலரைக் கலங்கவைத்தது. அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட ஆவணத் தேடல் இருந்தது. அந்தத் தேடலில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது.

1870 என்னும் சுவர்

அமெரிக்காவில் 1790-லிருந்து பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஆனால், அடிமைகளாக இருந்தவர்கள் அதில் வெறும் எண்ணிக்கைதான். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அவர்களுக்கென்று தனிப் பட்டியலே போட்டார்கள். அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அதன்கீழே அடிமைகளின் வயது, ஆணா பெண்ணா, நிறம் ஆகியவை இருக்கும். அவர்களின் பெயர் மட்டும் அநேகமாக இருக்காது.

1865-ல் அடிமைமுறை ஒழிந்தது. அதற்குப் பின் வந்த 1870 கணக்கெடுப்பில்தான் அந்த மக்கள் அனைவரும் முதன்முறையாகப் பெயரோடு பதிவானார்கள். கறுப்பினக் குடும்பங்களின் வேர் தேடுபவர்கள் இந்த ஆண்டை ஒரு சுவர் என்பார்கள். பலருடைய தேடல் அங்கேயே முட்டி நின்றுவிடும்.

ஹேலியும் அங்கிருந்துதான் தொடங்கினார். வாஷிங்டன் தேசிய ஆவணக்காப்பகத்தில் வட கரோலினாவின் அலமான்ஸ் மாவட்டக் கணக்கெடுப்பு மைக்ரோஃபிலிம்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். திடீரென்று ஒரு வரி: டாம் மர்ரே, கறுப்பர், கொல்லர். அடுத்து மனைவி ஐரீன். பிறகு பிள்ளைகள். அதில் ஆறு வயது எலிசபெத். ஹென்னிங் வாசலில் உட்கார்ந்து கதை சொன்ன அதே லிஸ் பாட்டி! சிந்தியா பாட்டியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் அப்போது பிறக்கவே இல்லை. கேட்ட கதையும் அரசுப் பதிவும் அச்சாகப் பொருந்தின.

மாடு, பாத்திரம், மனிதன்

சுவருக்கு அந்தப் பக்கம் போக வேண்டும் என்றால், மூதாதையின் பெயரைத் தேடிப் பயனில்லை. அவரை விலைக்கு வாங்கியவரின் பெயரைத் தேட வேண்டும். உயில்கள், சொத்து மாற்றப் பத்திரங்கள், தலைவரிப் பட்டியல்கள், கப்பல் கணக்குகள், பத்திரிகை விளம்பரங்கள் என்று முதலாளிகள் விட்டுப்போன காகிதங்கள்தான் வழிகாட்டி. ஒருவர் இறந்தால் அவர் சொத்துகளை வரிசையாக எழுதி விலை போடுவார்கள். மாடு இவ்வளவு, கட்டில் இவ்வளவு, பாத்திரம் இவ்வளவு. நடுவில் ஒரு மனிதரின் பெயரும் அவருக்கு ஒரு விலையும். தன் பாட்டனை அந்த வரிசையில் கண்டுபிடிக்கிற பேரனுக்கு அந்த நொடியில் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாது.

ஹேலியின் தேடலில் முதலில் உதவியது மொழி. வாய்மொழி வரலாற்று அறிஞர் யான் வான்சினா, அந்த ஆப்பிரிக்கச் சொற்கள் மண்டிங்கா மொழியாக இருக்கலாம் என்றார். 'போலோங்கோ' என்றால் ஆறு. ஆக, 'காம்பி போலோங்கோ' என்பது காம்பியா ஆறு. 1967-ல் காம்பியாவின் ஜுஃபூரே கிராமத்துக்குப் போனார் ஹேலி. அங்கே ஒரு முதியவர் கின்டே வம்ச வரலாற்றைச் சொன்னார். அரசரின் படைவீரர்கள் வந்த காலத்தில், மரம் வெட்டப் போன குண்டா கிண்டே திரும்பவே இல்லை என்றார்.

அடுத்து, லண்டன் ஆவணங்கள். 'லார்ட் லிகோனியர்' என்ற கப்பல் 1767 ஜூலை 5 அன்று காம்பியாவிலிருந்து 140 அடிமைகளோடு கிளம்பியது. செப்டம்பர் 29 அன்று மேரிலாந்தின் அன்னாபொலிஸ் துறைமுகத்தை அடைந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 98 பேர். பாட்டி சொன்ன 'நேப்ளிஸ்' இந்த அன்னாபொலிஸ்தான் என்று ஹேலி முடிவு செய்தார். பிறகு, வர்ஜீனியாவின் ஸ்பாட்சில்வேனியா மாவட்டப் பத்திரம் ஒன்று கிடைத்தது. 1768 செப்டம்பர் 5 தேதியிட்டது. ஜான் வாலர் தன் சகோதரர் வில்லியமுக்கு மாற்றிக்கொடுத்த சொத்துகளில் 'டோபி' என்ற அடிமையும் இருந்தார். வட்டம் முழுமையானது என்று ஹேலி நம்பினார்.

இடித்த ஆண்டு

1981-ல் வரலாற்றாசிரியர் கேரி மில்ஸும் குடிவழி ஆய்வாளர் எலிசபெத் ஷோன் மில்ஸும் அதே மாவட்டத்துப் பதிவுகளை மறுபடி புரட்டிப் பார்த்தார்கள். வாலர் குடும்பத்தின் டோபி 1762-லேயே அங்கே இருந்திருக்கிறார்! கப்பல் கரைசேர்வதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே. மகள் கிஸ்ஸி பிறந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குள் அந்த டோபி இறந்துவிட்டார் என்றும் அவர்கள் கணித்தார்கள். ஜுஃபூரே முதியவர் பரம்பரைக் கதைசொல்லியே அல்ல என்ற சந்தேகமும் கிளம்பியது. தன் புத்தகம் உண்மையும் கற்பனையும் கலந்தது என்று ஹேலியே சொல்லியிருந்தார்.

தவறு எங்கே நேர்ந்தது? தனக்குப் பொருந்துகிற காகிதம் கிடைத்ததும் தேடல் நின்றுவிட்டது. அதனால்தான், குடிவழி ஆய்வில் பழகியவர்கள் சில விதிகளை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒன்று, தெரிந்தவரிடமிருந்து தெரியாதவரை நோக்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னே போக வேண்டும். பிடித்த மூதாதையைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்து கீழே இறங்கி வரக் கூடாது.

இரண்டு, ஒரே பெயர் என்றால் ஒரே ஆள் என்று அர்த்தமில்லை. கிடைத்த ஆவணத்துக்கு முந்தைய ஆண்டுகளையும் பிந்தைய ஆண்டுகளையும் பார்க்க வேண்டும். தன் முடிவைப் பொய்யாக்கக்கூடிய காகிதத்தையும் தானே தேட வேண்டும்.

மூன்று, தேதியில் கவனம். 1752-க்கு முன்பு ஆங்கிலேயக் குடியேற்றங்களில் புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. 1740 பிப்ரவரி என்று எழுதியிருந்தால், இன்றைய கணக்கில் அது 1741.

நான்கு, வாய்மொழிக் கதையை ஒதுக்கவே கூடாது. சொன்னவர் யார், எப்போது சொன்னார், எப்படி உச்சரித்தார் என்று அப்படியே எழுதிவைக்க வேண்டும். அலமான்ஸில் தேடச் சொன்னது கதைதானே!

இரண்டு மனிதர்கள்

1977 ஜனவரியில் 'ரூட்ஸ்' தொலைக்காட்சித் தொடராக எட்டு இரவுகள் ஒளிபரப்பானது. அதன்பின் தங்கள் முன்னோரைத் தேடி ஆவணக்காப்பகங்களுக்கு வந்தவர்களின் கூட்டம் பெருகியது. இன்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைக் கப்பல் பயணங்களின் விவரங்கள் 'ஸ்லேவ் வாயேஜஸ்' இணையதளத்தில் இருக்கின்றன. டி.என்.ஏ. சோதனை உறவுகளைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால், இறந்துபோன பாட்டனின் பெயரை ரத்தம் சொல்லாது. அதற்குக் கதையும் வேண்டும், காகிதமும் வேண்டும்.

ஹேலி குடும்பத்தின் 'அந்த ஆப்பிரிக்கருக்கு' கதை இருக்கிறது. உறுதியான காகிதம் இல்லை. வாலர் வீட்டு டோபிக்குக் காகிதம் இருக்கிறது. 1762-ல் இருந்தார், 1768-ல் கைமாற்றப்பட்டார் என்பது தெரியும். அவர் எங்கே பிறந்தார், பெற்றவர்கள் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அந்தப் பத்திரங்களில் இல்லை. அவரைப் பற்றி வாசலில் உட்கார்ந்து பேச ஒரு பாட்டி வாய்க்கவில்லை.