காலடிக்கு இல்லாத வெளிச்சம்!

திருச்சி புறநகரில், சின்னத் தோட்டத்தோடு கூடிய வீடு எங்களுடையது. வாசலில் முல்லைப் பந்தல், பவழமல்லி, பக்கவாட்டில் ஒரு மாமரம். உறவினர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போய் வந்ததிலிருந்து, 'நம்ம தோட்டத்துக்கும் அதே மாதிரி லைட் போடணும்' என்று என் கணவருக்கு ஆசை. எனக்கும் ஆசைதான்!

மாமரத்துக்கு ஃபோகஸ் லைட், பாதை ஓரமாக இரும்புக் கம்பத்தில் நான்கு விளக்குகள், பந்தல் முழுக்க சீரியல் செட். முதல் நாள் ராத்திரி தெருவே நின்று பார்த்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமியார் மட்டும், "ஏம்மா, மாமரத்துக்கு இவ்வளவு வெளிச்சம் போட்டிருக்கீங்க... நான் கால் வைக்கிற படி இருட்டாவே இருக்கே?" என்றார். ஃபோகஸ் லைட் கண்ணைக் கூசியதில், படி நிஜமாகவே தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மாவோ, "ஜன்னல்ல வெளிச்சம் அடிக்குது, தூக்கமே வரலை" என்று குறைப்பட்டார். பூச்சித் தொல்லை வேறு. எதையும் நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மாலை. விளக்குகளைப் போட்டுவிட்டு, சரிந்து கிடந்த செம்பருத்திக் கிளையை ஒதுக்கினேன். புறங்கை கம்பத்தில் பட்டது. அவ்வளவுதான், சுளீரென்று ஷாக் அடித்துத் தள்ளிவிட்டது! காலில் ரப்பர் செருப்பு இருந்ததாலும், கம்பத்தைக் கையால் பிடிக்காததாலும் தப்பினேன். அதே கம்பத்தைப் பிடித்துச் சுற்றி விளையாடும் என் பேத்தியை நினைத்தபோதுதான் உடம்பு நடுங்கியது.

மறுநாள், அனுபவமுள்ள வேறொரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தோம். மண்ணுக்குள் ஒயரை வெறுமனே புதைத்து, இணைப்பில் டேப் மட்டும் சுற்றியிருந்ததைக் காட்டினார். "எம்.சி.பி. இருக்குன்னு அசட்டையா இருக்காதீங்கம்மா. அது ஒயரைத்தான் காப்பாத்தும். ஆளைக் காப்பாத்த ஆர்.சி.சி.பி. வேணும்" என்றார். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள அந்தக் கருவி, மின்கசிவு ஏற்பட்டால் கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடுமாம். அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்கவும் சொன்னார்.

இப்போது ஒயர்கள் குழாய்க்குள் போகின்றன. தண்ணீர் புகாத பெட்டிக்குள்தான் இணைப்புகள். விளக்குகள் மழைக்குத் தாங்கும் ஐ.பி. 65 ரகம். கம்பங்களுக்கு எர்த் கொடுத்தாயிற்று. ஃபோகஸ் லைட்டை எடுத்துவிட்டு, படிகளிலும் பாதையிலும் கீழ்நோக்கி ஒளி விழும்படி 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஆறு போட்டோம். எல்லாம் இளமஞ்சள் நிறம். வெள்ளை வெளிச்சத்தைவிட இதற்குப் பூச்சி குறைவாகத்தான் வருகிறது. தினம் 5 மணி நேரம் எரிந்தாலும், மாதத்துக்கு நாலரை யூனிட்தான் ஆகும். கொல்லைப்புறத்தில், ஆள் நடமாடினால் மட்டும் எரியும் சென்சார் விளக்கு ஒன்று. பத்து மணிக்கு மேல் தோட்டத்து விளக்குகளை அணைத்துவிடுகிறோம். மரத்தில் அடையும் பறவைகளுக்கும் ராத்திரி வேண்டுமே!

"அந்தக் காலத்துல திண்ணை மாடக்குழியில ஒரு அகல்தான் வைப்போம். வர்றவங்களுக்கு வழி தெரிஞ்சா போதாதா?" என்று சிரிக்கிறார் மாமியார்.

தோழிகளே, தோட்டத்துக்கு விளக்கு போடும்முன் உங்கள் வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அழகெல்லாம் அதற்கு அப்புறம்தான்!

— ஒரு வாசகி, திருச்சி.