தாழை: மணமும் மணலும்

புடவைப் பெட்டியில் தாழம்பூ மடல் ஒன்றைப் போட்டு வைத்தால் பட்டில் பல நாள் மணம் நிற்கும். மடலை நறுக்கிச் சடையில் வைத்துத் தைப்பதும் உண்டு. அந்த மணத்தின் பிறப்பிடம் கடற்கரை மணல்மேடு. உப்புக்காற்றில் பல செடிகள் கருகிப்போகும் இடத்தில், யாரும் நடாமலே தாழை புதராக மண்டுகிறது.

தாழையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மணப்பது ஆண். பூ என்று நாம் வாங்குவது தனிப் பூ அன்று, ஒரு பூங்கொத்து. வெளிர்மஞ்சள் மடல்களுக்குள், இதழே இல்லாத சிறு ஆண் பூக்கள் கதிர்கதிராக, மகரந்தம் நிறைந்து அடைந்திருக்கும். பெண் செடியில் அன்னாசி போன்ற காய் பிடிக்கும். பழுத்ததும் செம்மஞ்சளாகித் துண்டு துண்டாக உதிரும். நார் நிறைந்த அந்தத் துண்டுகள் கடல்நீரில் மிதந்துபோய் வேறு கரையில் முளைக்கும்.

தாழம்பூ எண்ணெயில் பாதிக்கு மேல் இருப்பது ஃபீனைல் எத்தில் மெத்தில் ஈதர். அதுவே மணத்தின் அடிப்படை. ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டக் கடலோர ஊர்களில் இந்த மணத்தை வடிப்பது பெருந்தொழில். விடியற்காலையில், மணம் தளருமுன் பூவை அறுத்து, தாமிர அண்டாவில் நீரோடு சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். ஆவி குழாய் வழியே போய், தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திய இன்னொரு பாத்திரத்தில் குளிர்கிறது. அதில் சந்தன எண்ணெய் இருந்தால் கிடைப்பது அத்தர். நீராகவே இறக்கினால், பிரியாணிக்கும் இனிப்புக்கும் தெளிக்கும் கேவ்டா நீர்.

மணத்தைவிடப் பெரிய கொடை அதன் வேர். தண்டிலிருந்து இறங்கும் தாங்குவேர்கள் மணலை இறுகப் பிடிக்கின்றன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கை, தாய்லாந்து கரைகளை ஆராய்ந்தவர்கள், இந்த வேர்ப்பின்னல் அலையின் வேகத்தைத் தணிக்க உதவியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பூ மணத்துக்குப் பாம்பு வரும் என்று அஞ்சிப் புதரை அழிப்பவர்கள் கரையின் காவலை அழிக்கிறார்கள். பாம்பு தேடுவது பூ மணத்தை அன்று, அடர்ந்த புதரின் மறைவை.

தோட்டத்தில் வளர்க்க விரும்புவோர், பூத்து ஆண் என்று தெரிந்த செடியின் பக்கக்கன்றைப் பிரித்து நட வேண்டும். விதையில் வந்த செடி ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. இலை விளிம்பிலும் நடுநரம்பின் அடியிலும் முள் உண்டு. ஆகவே நடக்கும் வழியை விட்டு, வேலியோரம் இடம் கொடுங்கள். கடற்கரையில் தானாக வளர்ந்திருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள்; அது அங்கே நமக்காகவே வேலை செய்துகொண்டிருக்கிறது.