மருந்தும் பதிவேடும்

ஒரு நாட்டில் எவ்வகைப் புற்றுநோய் எத்தனை பேரைத் தாக்கியது, அவர்களுக்கு முதலில் என்ன சிகிச்சை அளிக்கப்பட்டது, அதன்பின் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தனர் என்பனவற்றைத் தொகுத்து வைப்பது புற்றுநோய்ப் பதிவேடு. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 'சீர்' என்னும் பெயரில் இத்தகைய திட்டமொன்றை 1973 முதல் நடத்திவருகிறது.

சிகிச்சையைக் குறிக்கும்போது, மருந்து எந்த வகையைச் சேர்ந்தது என்பதே பதிவேட்டிற்கு முதன்மையானது. பிரிந்து பெருகும் உயிரணுக்களை நேரடியாகத் தாக்குவது வேதிச்சிகிச்சை. ஹார்மோனின் செயலைக் கொண்டோ தடுத்தோ நோயை அடக்குவது ஹார்மோன் சிகிச்சை. மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமாக்சிஃபென் இவ்வகையினது. உடலின் தடுப்பாற்றலைத் துணைக்கொள்வது தடுப்பாற்றல் சிகிச்சை. வாந்தியை நிறுத்தத் தரும் மருந்து நோயாளிக்கு எவ்வளவு இன்றியமையாததாயினும் இக்கட்டங்களில் இடம்பெறுவதில்லை. அது புற்றைத் தாக்குவதன்று.

கேட்பதற்கு எளிமையான இப்பகுப்பு, நடைமுறையில் அவ்வளவு எளிதன்று. நிணத்திசுப் புற்றுநோய் ஒன்றுக்கு 'ஆர்-சாப்' என்னும் ஐந்து மருந்துக் கூட்டு வழங்கப்படுகிறது. அதிலுள்ள சைக்ளோபாஸ்பமைடு, டாக்சோரூபிசின், வின்கிரிஸ்டின் ஆகிய மூன்றும் வேதிச்சிகிச்சை; பிரெட்னிசோன் ஹார்மோன்; ரிட்டுக்சிமாப் தடுப்பாற்றல் சிகிச்சை. நோயாளிக்கு ஒன்றாகத் தோன்றும் சிகிச்சை, பதிவேட்டில் மூன்று கட்டங்களில் பிரிந்து அமர்கிறது. அதே பிரெட்னிசோன் வேறொருவருக்குப் பசியைத் தூண்டுவதற்காக மட்டும் தரப்பட்டிருந்தால் ஹார்மோன் கட்டத்தில் எழுதப்படாது. பெயர் ஒன்றே, நோக்கம் வேறு. ஆகவே பதிவாளர் மருந்துப் பட்டியலோடு நில்லாமல் மருத்துவரின் குறிப்பையும் படித்தாக வேண்டும்.

வகைகளும் நிலையானவை அல்ல. ரிட்டுக்சிமாப், டிரஸ்டுசுமாப், பெவாசிசுமாப், செடுக்சிமாப், பெர்டுசுமாப், அலெம்டுசுமாப் ஆகிய ஆறும் குறிப்பிட்ட இலக்கைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள். சீர் திட்டத்தின் மருந்துத் தரவுத்தளத்தில் இவை முன்பு வேதிச்சிகிச்சையாகவே இருந்தன. 2013 சனவரி 1 முதல் நோய் கண்டறியப்பட்டோருக்கு இவை தடுப்பாற்றல் சிகிச்சைக் கட்டத்திற்கு மாற்றப்பட்டன. அதற்கு முன் கண்டறியப்பட்டோரின் பதிவுகள் திருத்தப்படவில்லை.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். மார்பகப் புற்றுநோயுள்ள ஒரு பெண் பக்ளிடாக்சலும் டிரஸ்டுசுமாபும் பெறுகிறார். பழைய விதிப்படி அது பல மருந்து வேதிச்சிகிச்சை. புதிய விதிப்படி ஒரு மருந்து வேதிச்சிகிச்சையும் தனியே தடுப்பாற்றல் சிகிச்சையும். அவர் உடலில் ஏறிய மருந்தில் துளியும் மாற்றமில்லை. ஆயினும் இவ்விதியை அறியாமல் ஆண்டுவாரியாக வரைபடம் தீட்டும் ஆய்வாளருக்கு, 2013இல் மருத்துவர்கள் திடீரெனப் பல மருந்து வேதிச்சிகிச்சையைக் குறைத்துத் தடுப்பாற்றல் சிகிச்சைக்கு மாறிவிட்டது போலத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பி எது நீண்ட வாழ்நாள் தந்தது என்று கணக்கிட்டால், விடையும் பிழையாகும்.

2012 திசம்பரில் நோய் கண்டறியப்பட்டு, 2013 பிப்ரவரியில் முதல் ஊசி பெற்றவருக்கும் பழைய வகையே பொருந்தும். அதனால்தான் இந்த ஆறு மருந்துகளுள் ஒன்றைக் காணும் பதிவாளர், ஊசி போட்ட நாளைப் பார்ப்பதில்லை. நோய் கண்டறியப்பட்ட நாளைத் தேடுகிறார்.